காவிரியில் கர்நாடகா 404 டிஎம்சி தர வேண்டுமா?

"கர்நாடகா வருடத்துக்கு 404 டிஎம்சி தரணும், பாதிகூட வரல" என்று ஒரு படம் சுற்றுகிறது. தவறு, தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

404.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி தண்ணீர்) என்பது காவிரிப் படுகையில் தமிழ்நாட்டின் மொத்தப் பங்கு. பவானி, அமராவதி, நொய்யல் தண்ணீரும் நம் பக்கம் பெய்யும் மழையும் சேர்ந்த கணக்கு அது. கர்நாடகா திறந்துவிட்டு எல்லையில் பிலிகுண்டுலுவில் அளந்து நமக்கு வரவேண்டியது 177.25 டிஎம்சி. காவிரி நடுவர் மன்றத்தின் 2007 தீர்ப்பில் 192 ஆக இருந்ததை, நம் நிலத்தடி நீரையும் பெங்களூருவின் குடிநீர்த் தேவையையும் காட்டி 14.75 குறைத்தது 2018 பிப்ரவரி 16-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. எனக்கு அதில் இன்னும் வருத்தம்தான்.

சரி, வருடக் கணக்கைவிட மாதக் கணக்கைப் பாருங்கள். ஜூன் 9.19, ஜூலை 31.24, ஆகஸ்ட் 45.95, செப்டம்பர் 36.76. குறுவையும் சம்பா நடவும் நம்பியிருப்பது இந்த நான்கு மாதத் தண்ணீரைத்தான். ஜூலையில் வராதது அக்டோபரில் வெள்ளமாக வந்தால் வருடக் கணக்கு நேராகிவிடும், காய்ந்த பயிர் திரும்பாது. கேட்க வேண்டிய கேள்வி அங்கே இருக்கிறது. 404 என்று கேட்டால் எதிர்த்தரப்பு ஒரே வரியில் மறுத்துவிட்டுப் போய்விடும்.