ஆட்டோமேட்டிக் செடான் எடுத்தால் மைலேஜ் குறையுமா?

‘தினமும் ஆபீஸ் போக கார் வாங்குகிறவர் ஆட்டோமேட்டிக் பக்கமே போகாதீர்கள், மைலேஜ் அடி வாங்கும்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு. பழைய 4 கியர் டார்க் கன்வெர்ட்டர் கார்களுக்கு அது பொருந்தியது. உள்ளே எண்ணெய் வழியாகச் சக்தி கடத்தும்போது வழுக்கலில் கொஞ்சம் வீணாகும்.

இன்றைய கதை வேறு. 2024 மாருதி டிசையர் பெட்ரோலில் மேனுவல் லிட்டருக்கு 24.79 கி.மீ., ஏஎம்டி வகை ஆட்டோமேட்டிக் 25.71. அதே ஆண்டு வந்த ஹோண்டா அமேஸில் மேனுவல் 18.65, சிவிடி (கியர் படிகளே இல்லாத ஆட்டோமேட்டிக்) 19.46. (எல்லாம் சோதனைக்கூட அளவு, டிராஃபிக்கில் இதைவிடக் குறையும்.) ஏஎம்டி என்பது மேனுவல் கியர்பாக்ஸேதான். கிளட்சையும் கியரையும் நம் காலுக்கும் கைக்கும் பதில் கருவி இயக்குகிறது, மேல் கியரைச் சீக்கிரம் போட்டுவிடுகிறது.

அதற்காக மைலேஜை நம்பி ஆட்டோமேட்டிக் எடுப்பதும் வீண். மாதம் 1,000 கி.மீ. ஓடினால் டிசையரில் மிச்சம் சுமார் 1.4 லிட்டர், கூடுதல் விலை அதில் திரும்பவே திரும்பாது. இடது காலுக்கு ஓய்வு வேண்டுமென்றால் எடுங்கள்.

ஏஎம்டியில் செலவு வைப்பது வேறொன்று: மேம்பால ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியை நிறுத்தி வைப்பது. கிளட்ச் பாதி பிடித்தபடி உரசிச் சூடாகும், கருகல் வாடை வரும், பிளேட் சீக்கிரம் தேயும். பிரேக்கை மிதித்தே நில்லுங்கள். செங்குத்தான ஏற்றமென்றால் ஹேண்ட்பிரேக்.