அச்சிட்ட தாளே போதும்

மொழித் தரவகத்தை, அதாவது உண்மையான எழுத்திலும் பேச்சிலுமிருந்து திரட்டிய பெரிய தொகுப்பை, ஆங்கிலம் படிக்கும் மாணவர் கையில் கொடுத்தால் இலக்கண விதிகளைத் தாமாகவே கண்டுபிடிப்பார்கள் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரிதான். ஆனால் அதற்கு ஆளுக்கொரு கணினி, வேகமான இணையம் வேண்டும் என்று படித்ததும் இலங்கை மலையகத்தில் எங்கள் ஹட்டன் பக்கத்து ஆசிரியர்கள் சிரித்திருப்பார்கள். இங்கே மழை பிடித்தால் சிக்னலே போய்விடும்.

இந்த முறைக்கு வழிகாட்டிய பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்து டிம் ஜோன்ஸே அச்சிட்ட தாள்களையும் வகுப்பில் பயன்படுத்தியவர்தான். என் தரம் 10 பிள்ளைகளுக்கு 'டிஸ்கஸ்' (discuss) என்ற ஆங்கிலச் சொல் வரும் இருபது வரிகளை, அந்தச் சொல் நடுவில் ஒரே நேராக நிற்கும்படி அச்சடித்துக் கொடுப்பேன். அதற்குப் பின்னால் 'அபவுட்' (about) எங்கேயாவது வருகிறதா என்று தேடச் சொல்வேன். சிவப்புப் பேனாவால் எத்தனை தரம் திருத்தியும் போகாத 'டிஸ்கஸ் அபவுட்' என்ற பிழை அவர்கள் கண்ணிலேயே பட்டுவிடும். அப்புறம், "மிஸ், வேறு சொல்லும் தாங்க" என்பார்கள்.

பிரிட்டிஷ் தேசியத் தரவகத்தில் 10 கோடிச் சொற்கள் உண்டு. பேச்சு மொழி அதில் 10 சதவீதம்தான். மற்றதெல்லாம் எழுத்து மொழி என்பதால், சாதாரண தரப் பிள்ளைக்கு அதன் பல வரிகள் விளங்காது. அதற்குப் பதிலாகப் பாடநூல் பகுதிகளைத் தட்டச்சு செய்து, ஒரு சொல் வரும் வரிகளையெல்லாம் எடுத்துக் காட்டும் 'ஆன்ட்கான்க்' (AntConc) மென்பொருளில் போட்டுப் பாருங்கள். இலவசம், இணையமும் தேவையில்லை. தட்டச்சு வேலைதான் கொஞ்சம் உயிரை வாங்கும்.