நோ ஃபீ வீட்டுக்கு 5,040 டாலர் ஃபீ

(நியூயார்க், ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் கேண்டீன். சரவணன் தோசையைத் தொடாமல் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறான். எதிரில் அந்த ஊரில் பல வீடு மாறிய கோமதி.)

சரவணன்: அக்கா, வீடு கிடைச்சிருச்சு! அஸ்டோரியாவுல மூணு குடும்ப வீடு, ரெண்டாவது மாடி. மாசம் 2,800 டாலர். நோ ஃபீ. புரோக்கர் வெறும் 5,040 தான் கேக்குறார்.

கோமதி: நோ ஃபீன்னா குடிவர்றவன் புரோக்கர் கமிஷன் தர வேண்டாம்னு அர்த்தம். அப்புறம் எதுக்குடா 5,040?

சரவணன்: வீட்டுக்குத்தான் ஃபீ இல்லையாம். அவருக்கு உண்டாம்.

கோமதி: வருஷ வாடகை 33,600. அதுல 15 சதவீதம். பழைய ரேட்டைத் தூசி தட்டி எடுத்திருக்கார். சரி, அவரை நீ எப்படிப் பிடிச்ச?

சரவணன்: விளம்பரம் பார்த்து போன் பண்ணேன்.

கோமதி: விளம்பரம் போட்டது?

சரவணன்: அவர்தான்.

கோமதி: போடச் சொன்னது?

சரவணன்: ஓனர்.

கோமதி: கல்யாண வீட்டுக்காரன் கூட்டிட்டு வந்த சமையல்காரனுக்குப் பந்தியில உக்காந்தவனா கூலி குடுப்பான்? 2025 ஜூன் 11-லேர்ந்து இங்க ஃபேர் சட்டம் நடப்புல இருக்கு. புரோக்கரை யார் வச்சாங்களோ அவங்கதான் கமிஷன் தரணும். ஓனர் சம்மதத்தோட விளம்பரம் போட்டிருந்தா, அவர் ஓனரோட ஆளுன்னுதான் சட்டம் எடுத்துக்கும்.

சரவணன்: ஜெர்சி சிட்டியில என் ஃப்ரெண்டு போன மாசம் குடுத்தானே?

கோமதி: ஆத்தைத் தாண்டினா வேற மாநிலம். இது நியூயார்க் நகரத்துச் சட்டம், நகரத்தோட அஞ்சு பகுதி, அதான் பரோன்னு சொல்வாங்களே, அதோட நின்னுடும்.

சரவணன்: ஆனா இவர் ஒரு பேப்பர்ல கையெழுத்து கேட்டார். போட்டா எனக்கே புரோக்கர் ஆயிடுவாராம்.

கோமதி: எங்க வச்சுக் கேட்டார்?

சரவணன்: வீட்டு வாசல்ல. சாவி அவர் கையில இருந்துச்சு.

கோமதி: போட்டோ எடுத்தியா? காட்டு. (பெரிதாக்கிப் பார்க்கிறாள்.) ரெண்டு பேப்பர் இருக்கு. முதல்ல இருக்கறது மாநிலத்தோட படிவம். புரோக்கர் யார் பக்கம்னு சொல்றதுக்கு. கையெழுத்துப் போட்டா படிச்சுப் பார்த்தேன்னுதான் அர்த்தம், பணம் தரேன்னு இல்ல. இதுல எதை டிக் பண்ணியிருக்கார்?

சரவணன்: ஓனரோட ஏஜென்ட்.

கோமதி: அடுத்த பேப்பர்ல?

சரவணன்: வாடகைக்கு வர்றவரோட ஏஜென்ட். அக்கா! ஒரே ஆளு, ஒரே பேனா!

கோமதி: படி ஏறி முடிக்கறதுக்குள்ள கட்சி மாறிட்டார். என்னை வச்சுக்கிட்டாத்தான் வீடு தருவேன்னு சொல்றதே சட்டப்படி தப்பு. ‘உங்களுக்கு ஃபீ தராம இந்த வீட்டுக்கு அப்ளை பண்ணலாமா’ன்னு மெசேஜ் போடு. பதில் எதுவா இருந்தாலும் ஸ்கிரீன்ஷாட் எடு. நகராட்சியோட 311 நம்பர்ல புகார் குடுக்கறதுக்கு அதுதான் ஆதாரம்.

சரவணன்: எழுத மாட்டார், போன்ல கூப்பிடுவார்.

கோமதி: எடுக்காத.

சரவணன்: அப்ப புரோக்கர்ங்கற ஜாதியே வேண்டாங்கறீங்க.

கோமதி: யார் சொன்னா? நீ சென்னையில உக்காந்துக்கிட்டு இங்க வீடு தேடறன்னா, உனக்காக ஒருத்தர் போய் தண்ணி வேகம், ஹீட்டர், எலி எல்லாம் பார்த்து வீடியோ அனுப்பினா காசு குடுக்கலாம். வேலை செஞ்சதுக்குக் கூலி. ஆனா வீடு பார்க்கறதுக்கு முன்னாடியே எழுதி வாங்கிக்கோ. சதவீதம் வேண்டாம், ஒரே தொகை. லீஸ்ல ரெண்டு பக்கமும் கையெழுத்து ஆனாத்தான் பணம். 30 நாள்ல ஒப்பந்தம் காலாவதி. நீயா கண்டுபிடிச்ச வீடு கணக்குல வராது. ஓனர் பக்கத்துலேர்ந்து அவருக்கு ஏதாவது வந்தா உன் தொகையில கழிக்கணும்.

சரவணன்: அது வேற வருமா?

கோமதி: சில பெரிய கட்டடங்கள்ல ஆள் கூட்டிட்டு வர்ற புரோக்கருக்குக் கட்டட ஆபீஸே கமிஷன் தரும். ஆனா முதல் தடவையே அவரோட போகணும். நீ தனியா போய் பேர் எழுதிட்டு வந்துட்டு, அப்புறம் அவரைக் கூட்டிட்டுப் போனா ஆபீஸ் தர மாட்டேன்னுடலாம். உடனே அவர் கண்ணு உன் பாக்கெட்டுக்கு வரும்.

சரவணன்: இதோ ஒண்ணு, லாங் ஐலண்ட் சிட்டி டவர். 3,300. கீழேயே லீஸிங் ஆபீஸ், வீட்டை வாடகைக்கு விடற ஆபீஸ் இருக்கு.

கோமதி: அங்க புரோக்கர் எதுக்கு? லிஃப்ட் பட்டன் அமுக்கவா? நேரா போ. ஆனா விலைக்குக் கீழ எறும்பு மாதிரி ஒரு வரி இருக்குமே, படி.

சரவணன்: ‘நெட் எஃபெக்டிவ்.’

கோமதி: நிஜ வாடகை 3,600. பன்னெண்டு மாச லீஸ்ல ஒரு மாசம் ஃப்ரீ. பதினோரு மாசப் பணத்தைப் பன்னெண்டால வகுத்தா 3,300. நீ மாசாமாசம் கட்டப்போறது 3,600. அடுத்த வருஷம் ஏத்தும்போதும் பொதுவா அதுலேர்ந்துதான் ஏத்துவாங்க.

சரவணன்: என் வருஷ சம்பளம் 1,35,000 டாலர். மாச வாடகையில 40 மடங்கு வருஷ சம்பளம் வேணுமாம். 3,300-க்கு 1,32,000. பாஸ்!

கோமதி: நிறைய பேர் 3,600-ஐத்தான் பெருக்குவாங்க. 1,44,000. ஃபெயில்.

சரவணன்: மாமனார் கியாரண்டி போடுவார். வேளச்சேரியில சொந்த வீடு.

கோமதி: வேளச்சேரிப் பட்டாவை இங்க யார் படிப்பா? கியாரண்டி போடறவர் அமெரிக்காவுல இருக்கணும்பாங்க, மாச வாடகையில 80 மடங்கு வருஷ வருமானமும் கேப்பாங்க. 2,88,000. அப்படி யாரும் இல்லேன்னா கியாரண்டி கம்பெனி இருக்கு, அதுக்குத் தனிக் கட்டணம். புரோக்கர் இதுல ஒண்ணும் பண்ண முடியாது.

சரவணன்: சென்னை மாதிரி பத்து மாச அட்வான்ஸ் தூக்கிக் குடுத்துடறேன்.

கோமதி: குடுத்தாலும் வாங்கக் கூடாது. 2019-லேர்ந்து டெபாசிட் ஒரு மாச வாடகைதான், மேல கேக்க முடியாது. அப்ளிகேஷனுக்கும் 20 டாலர்தான் உச்சம். 30 நாளுக்குள்ள எடுத்த கிரெடிட் ரிப்போர்ட்டை நீயே குடுத்தா அதுவும் கிடையாது.

(போன் அதிர்கிறது.)

சரவணன்: அக்கா, அஸ்டோரியாக்காரர்! ‘ஃபீ வேண்டாம் சார், ஓனர்கிட்டயே வாங்கிக்கறேன்’னு எழுதிட்டார்!

கோமதி: பார்த்தியா? தோசையைச் சாப்பிடு.

சரவணன்: ‘அப்ளிகேஷன் 20 டாலர் மட்டும்.’

கோமதி: அது நியாயம்.

சரவணன்: ‘ஃபைல் திறக்க 500.’

கோமதி: போனை இப்படிக் குடு.