டாக்கில் தண்ணீர் விடும் முன் எங்களுக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்

சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஷிப்யார்டில் பிளாஸ்டிங், பெயிண்டிங் வேலை பார்க்க வந்து பத்து வருடமாகிறது. ரொம்ப நாளாக மனதில் கிடப்பதை இன்று எழுதிவிடுகிறேன். ஷிப்யார்டு குப்பை மறுசுழற்சிக்குப் போகுமா போகாதா என்பது டாக் தரையில், அதாவது தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பலை நிறுத்திப் பழுதுபார்க்கும் பள்ளத்தின் தரையில், ஸ்கிப் என்ற பெரிய குப்பைத் தொட்டிக்கு முன்னால்தான் முடிவாகிறது. அங்கே மண்வெட்டியோடு நிற்பவனுக்கு நேரம் கொடுக்காமல் சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டிப் பலனில்லை.

கப்பல் டாக்கில் உட்கார்ந்ததும் பழைய பெயிண்டையும் துருவையும் எடுக்க, காப்பர் ஸ்லாக் என்ற கறுப்பு மணலைக் காற்றழுத்தத்தில் அடிப்போம். செம்பு உருக்கும்போது மிஞ்சும் கசடு அது. கண்ணாடித்தூள் மாதிரி பளபளக்கும், சாக்ஸுக்குள் போய்விட்டால் ராத்திரி வரை குத்திக்கொண்டே இருக்கும். அடித்து முடித்த பிறகு தரையில் கணுக்கால் அளவுக்குக் கிடக்கும். பார்த்தால் குப்பைதான். ஆனால் சலித்துச் சுத்தம் செய்தால் கான்கிரீட்டில் மணலுக்குப் பதிலாகப் போடலாம், மணலை வெளிநாட்டிலிருந்து வாங்கும் ஊருக்கு இது சின்ன விஷயமா? தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் கழிவுக் கணக்கில் இந்தக் கசடுக்குத் தனி இடமே இருக்கிறது, கிட்டத்தட்ட முழுவதும் மறுசுழற்சிக்குப் போகிறது.

வழி இருக்கிறது, கலப்பதால்தான் கெடுகிறது. முன்பு வேலை பார்த்த ஒரு யார்டில், விடிந்தால் கப்பல் இறங்க வேண்டும், ஃபோர்மேன் அண்ணன் வந்து “எல்லாத்தையும் ஒண்ணா அள்ளிப் போடு தம்பி, காலையில தண்ணி விடணும்” என்றார். அள்ளினோம். ஸ்லாக், வெல்டிங் ராட் துண்டு, எண்ணெய்த் துணி, பாதி காய்ந்த பெயிண்ட் டின், சோற்றுப் பொட்டலம், எல்லாம் ஒரே ஸ்கிப்பில். தனியாக இருந்தால் ராட் துண்டு இரும்பு விலைக்குப் போகும். தின்னர் நனைந்த துணி தீப்பிடிக்கும், அதை வேறு வழியில்தான் அனுப்ப வேண்டும். அண்ணனைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் மேலிருந்து நெருக்கடி.

இந்த நாட்டில் இருக்கும் ஒரே குப்பை நிரப்பிடம் செமாக்காவ். 1999-இல் திறந்தார்கள், 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள்.

அதனால் கேட்கிறேன். கப்பல் இறங்கும் நேரத்தைக் குறிக்கும்போதே பிரித்து அள்ளுவதற்கு அரை ஷிஃப்டைச் சேர்த்துக் குறியுங்கள். ஸ்கிப்பில் என்ன போடலாம் என்பதைத் தமிழிலும் வங்காள மொழியிலும் பெரிதாக எழுதுங்கள். இப்போது இருக்கும் இடத்தில் மூன்று ஸ்கிப் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். போன வாரம் பங்களாதேஷ் தம்பி ஒருவன் ஸ்லாக் குவியலில் கிடந்த கிழிந்த கையுறையைக் குனிந்து எடுத்து அடுத்த ஸ்கிப்பில் போட்டான், யாரும் சொல்லவில்லை. அவனுக்கு அன்று நேரம் இருந்தது.