ஹிரோஷிமாவில் குண்டு வீசிய விமானி தற்கொலை செய்துகொண்டாரா?

"ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீசிய விமானி, குற்றவுணர்வால் மனம் பேதலித்துத் தற்கொலை செய்துகொண்டார்" என்று பரவிவரும் செய்தி உண்மையல்ல. 1945 ஆகஸ்ட் 6 அன்று, தம் தாயின் பெயரையே சூட்டியிருந்த ‘எனோலா கே’ விமானத்தைப் 11 பேருடன் ஓட்டிச் சென்ற பால் டிபெட்ஸ், 2007 நவம்பரில் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் தம் 92ஆம் வயதில் காலமானார். அச்செயலுக்காகத் தாம் வருந்தவில்லை என்றே அவர் இறுதிவரை கூறிவந்தார். குண்டை இலக்கு பார்த்து விடுவித்த தாமஸ் ஃபெரபி 2000இல் மறைந்தார். திசைகாட்டிய தியோடர் வான் கிர்க் 2014 வரை வாழ்ந்தார்.

இந்தக் குழப்பத்தின் வேர், கிளாட் ஈதர்லி என்ற மற்றொரு விமானி. ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னதாக நகரின் மேல் பறந்து, மேகமூட்டம் பத்தில் மூன்று பங்குக்கும் குறைவு, முதல் இலக்கையே தாக்கலாம் என்று சங்கேத மொழியில் செய்தி அனுப்பிய வானிலை விமானத்தை ஓட்டியவர் அவர். குண்டு விழுந்த காலை 8.15 மணிக்கு அவர் அங்கே இல்லை.

போருக்குப் பின் அவர் மோசடி, கொள்ளை வழக்குகளில் சிக்கியதும், தற்கொலைக்கு முயன்றதும், டெக்சாஸில் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் மனநலச் சிகிச்சை பெற்றதும், ஆஸ்திரியத் தத்துவஞானி குந்தர் ஆண்டர்ஸுக்குத் தம் குற்றவுணர்வைக் கடிதங்களாக எழுதியதும் உண்மையே. அந்த உணர்வு எந்த அளவுக்கு நேர்மையானது என்பதில் அன்றே கருத்து வேறுபாடு இருந்தது. ஆயினும் 1978இல் அவர் இறந்தது புற்றுநோயால்தான்.