ட்ரோன கீழ எறக்குங்க தம்பிகளா

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து பயலுவ ஆல்பம் சாங் பண்ண ஆரம்பிச்சது எனக்கு ரொம்ப ரொம்ப சந்தோஷம், அத மொதல்ல சொல்லிட்டு தான் மீதிய சொல்லணும். மார்த்தாண்டம், கருங்கல், குளச்சல், தக்கலை, பூதப்பாண்டின்னு எல்லா பக்கத்துல இருந்தும் லிங்க் வருது. "அண்ணே பாத்துட்டு உள்ளத உள்ளபடி சொல்லுங்க"ன்னு ஒரு மெசேஜும் கூட வரும். எல்லாத்தையும் பாக்கேன், ஸ்கிப் பண்ணாம முழுசா பாக்கேன், ஏன்னா ஒரு பாட்டு வெளிய வரதுக்குள்ள எவ்வளவு காசு போகும், எத்தன பேர் கிட்ட போய் நிக்கணும், வேலைக்கு லீவு போட்டா சம்பளம் வேற புடிப்பாங்க, இதெல்லாம் தெரியும். அதனால தான் ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியா ரெண்டு வரி போடுறத விட்டுட்டு மொத்தமா எழுதிரலாம்னு உக்காந்தேன்.

மக்களே, உங்க வீடியோவுல ஊரு இருக்கு, ஊர்க்காரன காணோம்.

மொத ஷாட்டு ட்ரோன். கடல், விவேகானந்தர் பாறை, 133 அடி திருவள்ளுவர் சிலை, 2024 டிசம்பர் கடைசியில தொறந்ததுல இருந்து நடுவுல கண்ணாடிப் பாலமும் சேந்துக்கிடுச்சு. அடுத்தது மாத்தூர் தொட்டிப்பாலம், அதுவும் மேல இருந்து. அதுக்கடுத்து வட்டக்கோட்டை. பெறவு தம்பி கூலிங் கிளாஸ் போட்டு ஸ்லோமோஷன்ல நடந்து வருவான், அந்தப் பிள்ள திரும்பிப் பாக்கும், முடி பறக்கும். சரி பாட்டு எதப் பத்தின்னு கேட்டா தினமும் பஸ்ஸுல பாக்குற பிள்ளையப் பத்தி. அப்போ பஸ்ஸு எங்க மக்கா? குலசேகரத்துல இருந்து சாயங்காலம் வர பஸ்ஸுல படிக்கட்டு வர ஆளு தொங்கும், பேக்க ஜன்னல் வழியா உள்ள குடுப்பாங்க, கண்டக்டர் எல்லார் தலைக்கு மேலயும் எட்டி டிக்கெட் குடுப்பாரு, அந்த நெரிசல்ல ஒரு பிள்ள கம்பியப் புடிச்சுட்டு நிக்குறத எடுத்திருந்தா உங்க பாட்டு எனக்குள்ள போயிருக்கும். திருவள்ளுவர் சிலைக்கும் உங்க காதலுக்கும் என்ன சம்பந்தம்னு நாலு நிமிஷமும் எனக்குப் புரியல.

நான் ஒரு பாட்ட எப்படி பாக்கேன்னு சொல்லிருதேன், ஏன்னா இத வச்சு தான் மத்ததெல்லாம் பேசுதேன். மொதல்ல போன கவுத்தி வச்சுட்டு கேப்பேன், படம் வேண்டாம். பெறவு சத்தத்த சுத்தமா கொறச்சுட்டு படத்த மட்டும் ஓட விடுவேன். அதுக்குப் பெறவு தான் ரெண்டும் சேத்து. கண்ண மூடிக் கேக்கையில நிக்காத பாட்ட எந்த கேமராவும் தூக்கி நிறுத்தாது. சத்தமில்லாம பாக்கையில இது எந்தப் பாட்டுக்கு எடுத்ததுன்னு ஒரு துப்பும் கெடைக்கலன்னா அந்த வீடியோவ யாரு பாட்டுக்கு வேணும்னாலும் ஒட்டிக்கிடலாம். நீங்களே உங்க பாட்ட இப்படி ஒருக்கா பாருங்க.

லொகேஷனே இல்லாம ஒரு வீடியோ ஓடும்ங்கறதுக்கு கொலவெறி பாட்டு போதும். 2011 நவம்பர்ல வந்தது, அனிருத் அப்போ சின்னப் பையன், தனுஷ் ஸ்டுடியோவுல மைக் முன்னாடி நின்னு பாடுறத எடுத்துப் போட்டாங்க, அவ்வளவு தான். ஆனா பாடுற ஆளு முகம் தெரியுது, சிரிப்பு தெரியுது, பாட்டு அந்த நிமிஷத்துல பொறக்குற மாதிரி இருக்கு. கூடவே நாதஸ்வரம், உறுமின்னு நம்ம வாத்தியம் கெடக்கு. இங்க ஸ்டுடியோவுல பாடுற தம்பிகள்ல பாதி பேருக்கு பாடும்போது முகம் அவ்வளவு அழகா மாறும், நேர்ல பாத்திருக்கேன், ஆனா வீடியோவுல அந்த முகத்த கூலிங் கிளாஸ் போட்டு மறைச்சிருவாங்க.

லொகேஷன் தான் பாட்டோட உசுருன்னா அதுக்கும் ஒண்ணு சொல்லுதேன், எஞ்சாயி எஞ்சாமி. 2021 மார்ச், தீயும் அறிவும் பாடுனது, சந்தோஷ் நாராயணன் இசை, வீடியோ டைரக்‌ஷன் அமித் கிருஷ்ணன். அறிவோட பாட்டி வள்ளியம்மாள் இலங்கையில தேயிலைத் தோட்டத்துல வேல பாத்துட்டு சொந்த நெலம் இல்லாம திரும்பி வந்தவங்க, அவங்க கதை தான் அந்தப் பாட்டுக்கு வேரு. அந்தப் பாட்டியையே கொண்டு வந்து சிம்மாசனத்துல உக்கார வச்சிருக்காங்க பாருங்க, அந்த ஒரு ஷாட்டு போதும், சத்தத்த கொறச்சுட்டு பாத்தாலும் பாட்டு என்ன சொல்ல வருதுன்னு வெளங்கிரும். வயக்காடும் காஞ்ச நெலமும் பின்னாடி சும்மா வரல, பாட்டே நெலத்தப் பத்தினது. எனக்கு அந்தப் பாட்டு கேக்கும்போதெல்லாம் நம்ம கோயில் திருவிழாவான கொடையில பாடுற வில்லுப்பாட்டு தான் ஞாபகம் வரும். புலவர் வீசுகோல ஓங்கி வில்லுல தட்டி ஒரு வரி எடுப்பாரு, பக்கத்துல குடமும் உடுக்கும் சேரும், பின்பாட்டுக்காரங்க ஆமா போட்டு வாங்குவாங்க, கதை சொல்லுறதும் பாடுறதும் பேசுறதும் ஒண்ணா கலந்து போகும். ராப் ராப்னு சொல்லுற தம்பிகள்ல எத்தன பேரு ராத்திரி முழுக்க உக்காந்து ஒரு கொடையில வில்லுப்பாட்டு கேட்டிருக்கீங்க? கேளுங்க, மூச்ச எங்க விடணும் எங்க புடிக்கணும்னு அதுல இருந்தே படிக்கலாம்.

இப்ப நான் ரொம்ப நேரம் பேச ஆசைப்படுற பாட்டுக்கு வாறேன். பிக் டாக்ஸ், 2024 ஜூலை. பாடுன ராப்பர் ஹனுமான்கைண்ட் நம்ம பக்கத்து மாநிலத்துக்காரர், மலப்புறத்துல பொறந்து அமெரிக்காவுல ஹூஸ்டன்ல வளந்தவர், பாட்டு முழுக்க இங்கிலீஷ். இசை கல்மி, வீடியோ பிஜோய் ஷெட்டி. பாட்ட எங்க எடுத்தாங்க? வெளிநாட்டுலயா? பொன்னானியில, மரணக் கிணத்துக்குள்ள. நம்ம பக்கம் திருவிழா பொருட்காட்சியில போடுவாங்கல்ல, பலகைய வட்டமா நிறுத்தி கெட்டி, நாம மேல ஏறி நின்னு கம்பியப் புடிச்சு கீழ எட்டிப் பாப்போம், பைக்கு செவுத்துல ஏறி நம்ம கால் பக்கம் வர வந்துட்டுப் போகையில பலகை மொத்தமும் ஆடும், பெட்ரோல் வாசம் மூஞ்சில அடிக்கும், அதே கெணறு. அந்தக் குழிக்கு நடுவுல அவர் நின்னு பாடுறாரு, சுத்தி காரும் பைக்கும் செவுத்துல ஓடுது, ஓட்டுறவங்க அந்தத் தொழிலையே செய்யுற ஆளுங்க. எஞ்சின் உறுமுறதும் பீட்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போயிருது. நாம சின்ன வயசுல இருந்து டிக்கெட் எடுத்துப் பாத்த விஷயத்த உலகமே வாயப் பொளந்து பாத்துச்சு. அதப் பாத்த ராத்திரி எனக்கு சந்தோஷமும் வந்துச்சு, ஒரு ஆதங்கமும் வந்துச்சு, இத நம்ம பயலுவ யாராவது மொதல்ல எடுத்திருக்கலாமேன்னு.

அதே கூட்டணி 2025 மார்ச்ல ரன் இட் அப் போட்டாங்க, அது எனக்கு இன்னும் கிட்ட. ஏன்னா பீட்டே கேரளத்து மேளமான செண்ட. களரி, தெய்யம், மணிப்பூர்ல இருந்து தாங்-டா, பஞ்சாப்ல இருந்து கட்கான்னு ஒவ்வொரு எடத்து சண்டைக் கலையையும் ஆட்டத்தையும் கொண்டு வந்து நிறுத்துனாங்க. குறை ஒண்ணும் இல்லன்னு சொல்ல மாட்டேன், ரொம்ப விஷயத்த வேகவேகமா வெட்டிப் போனதுல ஒண்ணுலயும் கண்ணு நின்னு பாக்க முடியல, தெய்யத்து முகத்துல இன்னும் ரெண்டு செகண்டு நின்னுருக்கலாம். ஆனா அந்த செண்டைய அவங்க ரெக்கார்ட் பண்ணின விதம் இருக்கே, தோலு அதிருறது தனியா, கோலு விழுறது தனியா கேக்குது. நம்ம சர்ச் திருவிழாலயும் கோயில் திருவிழாலயும் செண்டையும் இலத்தாளம்ங்கற ஜால்ராவும் சேத்து அடிக்குற சிங்காரி மேளம் இல்லாம ஊர்வலம் உண்டா? முன்னாடி நின்னா நெஞ்சுக்கூடு அதிரும். களரியும் அப்படித்தான், அடிமுறையும் வர்மமும் இந்த மண்ணுல கெடக்க, ஆசான்மாரு இன்னைக்கும் இருக்காங்க. இதெல்லாம் கையில வச்சுக்கிட்டு நம்ம ஆல்பம் சாங்குல யூடியூப்ல ஃப்ரீயா கெடைக்குற பீட்ட எறக்கிப் போடுறோம், அதே பீட்டுல வேற பத்து பாட்டு வந்திருக்கும். மனசு கேக்கல எனக்கு.

சாய் அபயங்கர் பாட்டுகள பத்தி கேப்பீங்க. கட்சி சேர, ஆச கூட, ரெண்டும் 2024. கண்ண மூடிக் கேட்டாலும் நிக்குற பாட்டு, மெலடி சுத்தம், குரல் முன்னாடி இருக்கு. வீடியோவுல ஒரு ஸ்டெப்பு தான் ஜெயிச்சது, அத ரீல்ஸ்ல ஊரு முழுக்க ஆடுச்சு. தப்பே இல்ல. ஆனா அதப் பாத்துட்டு இங்க எல்லாரும் மொத பதினஞ்சு செகண்டுக்கு மட்டும் பாட்டு போடுறாங்க, திரும்பத் திரும்ப வர ஹூக்கு வரி முடிஞ்ச பெறவு சரணம்னு ஒண்ணு இருக்கணும்ங்கறதே மறந்து போச்சு. ஆடணும்னா களியல் ஆட்டம் இருக்கு, கம்பு தட்டிக்கிட்டு சுத்தி வர அந்த அடவ ஒரு பாட்டுல பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆச.

டெக்னிக்கலா ரெண்டே விஷயம். ஸ்லோமோஷன்ல பாடுற ஷாட்டு வேணும்னா 50 ஃப்ரேம்ல எடுத்து 25ல ஓட்டுவீங்க, சரி தான், அப்போ ஷூட்டிங்ல பாட்ட ரெண்டு மடங்கு வேகத்துல போட்டு அதுக்கு வாயசைக்கணும், அப்பதான் எடிட்ல உடம்பு மெதுவாவும் உதடு பாட்டோடயும் போகும். பாட்ட சாதா வேகத்துல போட்டு எடுத்தா உதடு ஒரு பக்கம் பாட்டு ஒரு பக்கம் போகும், அத மறைக்கத் தான் எல்லா ஷாட்டுலயும் திரும்பி நிக்குறீங்களோன்னு தோணுது. ரெண்டாவது மிக்ஸிங். பேஸ் காரு ஸ்பீக்கருக்கு நல்லாருக்கு, ஆனா கேக்குறவன் முக்காவாசி போன் ஸ்பீக்கர்ல தான் கேப்பான், அதுல பேஸ் வராது, குரலையும் அமுக்கி வச்சிருந்தா அவனுக்கு கேக்க என்ன மிச்சம்? ஃபைனல் பண்றதுக்கு முன்ன வெல கொறஞ்ச போன்ல ஒரு தடவ போட்டுக் கேளுங்க. வரி வெளங்கலன்னா திரும்ப ஸ்டுடியோவுக்குப் போங்க.

வெறும் கொறையா சொல்லிட்டுப் போறதுக்கு இத எழுதல. சமீபத்துல கெழக்க மலைப்பக்கத்து பயலுவ ரெண்டு பேரு அனுப்புன பாட்டு இன்னும் எனக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. கேமரான்னு பெருசா ஒண்ணும் இல்ல, போன்ல எடுத்தது. விடியக்கால இருட்டு, தலையில லைட்டு கெட்டுன ஒரு அம்மா ரப்பர் மரத்துக்கு முன்னாடி நிக்காங்க, கத்தி பட்டையில சாய்வா எறங்குது, மெல்லிசா ஒரு சீவல் சுருண்டு விழுது, அந்த வரியில பாலு மெதுவா ஊறி ஓடி வந்து சிரட்டையில சொட்டுது. அந்த சொட்டுக்கு நேரா மொத பீட்டு விழுது. பெறவு ஷீட்டு அடிக்குற ரோலர் கைப்பிடிய சுத்துற கிறீச் சத்தத்த அப்படியே தாளமாக்கியிருக்காங்க. பாடுற தம்பி வீட்டுல பேசுற மாதிரியே பாடுகான், எனக்க அம்மைன்னு தான் வருது, சென்னை பாஷைய இழுத்துப் போட்டுக்கல. பாட்டுல ரெண்டாவது சரணம் கொஞ்சம் இழுவ, குரல்ல ஆட்டோட்யூன் தேவையில்லாம போட்டிருக்கு, அத அவங்க கிட்டயும் சொல்லிட்டேன். ஆனா அந்த நாலு நிமிஷத்துல ஒரு தடவ கூட கேமரா மேல பறக்கல, ஆனாலும் மலையோரம் எப்படி இருக்கும்னு வெளியூருக்காரனுக்கு தெரிஞ்சிரும்.

கடக்கர பக்கத்து தம்பிகளுக்கும் இதத்தான் சொல்லுதேன். பாரதிராஜா 1981ல முட்டத்துக்கு வந்து அலைகள் ஓய்வதில்லை எடுத்தாரு, பெறவு கடலோரக் கவிதைகளும் அங்க தான், அந்தப் பாறையையும் அலையையும் தமிழ்நாடே பாத்தாச்சு. நீங்க திரும்பவும் அதே பாறையில ஹீரோயின நிறுத்தாதீங்க. கரையில நின்னு கரமடி வலைய இழுக்குறத கிட்டப் போய் எடுங்க, கயித்தப் புடிச்ச கையி, மணலுக்குள்ள ஊனுன குதிகாலு, எல்லாரும் ஒண்ணா பின்னால சாயுற அந்த நிமிஷம், அவங்க போடுற சத்தம், அதுக்குள்ளயே தாளம் இருக்கு. ஏலம் விடுற எடத்துல மீன் கூடைய எறக்கி வச்சுட்டு பொம்பளைங்க வெல பேசுறத நின்னு கேட்டுப் பாருங்க, அந்த வேகத்துக்கு எந்த ராப்பரும் பக்கத்துல நிக்க முடியாது.

இன்னொண்ணு, டிஸ்கிரிப்ஷன்ல பேரு போடுங்க. ஹீரோ, ப்ரொட்யூசர், ஸ்பெஷல் தேங்க்ஸ் எல்லாம் பெருசா போட்டிருக்கு, ஆனா அதுல மேளம் வாசிச்சவன் பேரு இல்ல, ஆட்டம் சொல்லிக் குடுத்த பிள்ள பேரு இல்ல, வீட்ட ஷூட்டிங்குக்கு விட்டவங்க பேரு இல்ல. எஞ்சாமி மாதிரி இவ்வளவு பெரிய பாட்டுக்கே 2022ல யாருக்கு எவ்வளவு பங்குன்னு வெளிப்படையா பேச வேண்டி வந்துச்சு. நம்ம சின்னப் பாட்டுல மொத நாளே எழுதி வச்சிருங்க, காசு குடுக்க முடியாத எடத்துல பேராவது குடுக்கணும்ல.

அடுத்து யாராவது சிங்காரி மேளக்காரங்கள நிறுத்தி வச்சு பாட்டு பண்றீங்கன்னா எனக்கு கண்டிப்பா லிங்க் அனுப்புங்க. ஊர்வலத்துல நின்னு போன்ல எடுத்த சத்தத்த மட்டும் போட்டுராதீங்க, மைக்கு தாங்காது, பிளந்து போயிரும், ஒரு நாள் அவங்கள ஸ்டுடியோவுக்கு கூட்டிட்டுப் போய் செண்டைய தனியா இலத்தாளத்த தனியா எடுங்க. வியூஸ் எத்தனன்னு எனக்கு சொல்ல வேண்டாம், அடிச்சவங்க பேரு எல்லாம் கீழ இருக்கான்னு மட்டும் பாத்துட்டு அனுப்புங்க, நான் போன கவுத்தி வச்சு மொதல்ல கேக்கேன்.