மன்றாட்டு முடிந்த பிறகு

"எங்களை ஆள்கிறவர்களுக்காக மன்றாடுவோம்" என்று ஞாயிறு திருப்பலியில் இருபது வருடங்களாக வாசித்து வருகிறேன். அந்த இருபது வருடத்தில் எங்கள் ஊராட்சியின் கிராம சபைக்கு எத்தனை முறை போயிருக்கிறேன்? இரண்டே முறை. இரண்டும் கல்லறைத் தோட்டத்துக்குப் பாதை கேட்டு.

இந்த அக்டோபர் 2 அன்று மூன்றாவது முறையாகப் போனேன். காரணம், மறைக்கல்வி வகுப்புக்கு வரும் ஒரு சிறுமி. எப்போதும் வாயைக் கையால் மூடிக்கொண்டே சிரிப்பாள். ஒருநாள் கை விலகியது. முன்பற்கள் முழுக்கப் பழுப்புக் கோடுகள்.

தர்மபுரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாறையிலிருந்து நிலத்தடி நீரில் கரைந்து வரும் ஃபுளூரைடு. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டிய நீரைக் குடித்து வளரும் பிள்ளைக்குப் பல் கறையேறும். அளவு மிக அதிகமாக இருந்து, வருடக்கணக்கில் குடித்தால் எலும்பையும் மூட்டையும் முடக்கும். கொதிக்க வைத்தாலும் போகாது. இதற்காகத்தானே ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்தது? 2013இல் தொடங்கியும் வைத்தார்கள். அவள் தெருவிலும் குழாய் இருக்கிறது. தெரு மேட்டில் இருப்பதால் தண்ணீர் ஏறுவதில்லை. பழைய ஆழ்துளைக் கிணறுதான் கதி.

சபையில் நான் எழுந்ததும், "கல்லறைக்குச் சுவர் கேட்கவா வந்தீர்கள், வாத்தியாரே?" என்றார் பக்கத்தில் இருந்த பெரியவர். அவர் கேலி செய்யவில்லை. நாங்கள் வேறு எதற்கும் வந்து அவர் பார்த்ததில்லை. அந்தக் கேள்வி இன்னும் என்னைச் சுடுகிறது.

"செபம் போதும், பொதுக்காரியம் நமக்கு எதற்கு?" என்று என் உறவினர்களே கேட்கிறார்கள். மறுவுலகை நோக்கிப் போகிறோம் என்று சொல்லி இவ்வுலகக் கடமையைத் தட்டிக்கழிப்பது தவறு என்று உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இலேயே சொல்லிவிட்டது. தேர்தலுக்கு முன் எந்த வேட்பாளர் நம் கோயில் படியேறினார் என்று கணக்குப் பார்ப்பதை விசுவாசம் என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். தாகமாய் இருந்தேன் என்று சொன்ன ஆண்டவர், தண்ணீர் கொடுக்குமுன் சாதியும் மதமும் விசாரிக்கச் சொல்லவில்லை. மேட்டுத் தெருவில் அந்தச் சிறுமியின் வீடு ஒன்றுதான் கிறிஸ்தவ வீடு. மற்ற வீட்டுப் பிள்ளைகளின் பற்களும் அப்படித்தான் இருக்கின்றன.

மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் வைப்பதாகச் சபையில் தீர்மானம் எழுதியிருக்கிறார்கள். தண்ணீர் இன்னும் வரவில்லை.

நவம்பர் 1 உள்ளாட்சி நாள் கிராம சபை. அன்றுதான் அனைத்துப் புனிதர் பெருவிழா. மறுநாள் கல்லறைத் திருநாளுக்காக எல்லோரும் மண்வெட்டியோடு கல்லறைத் தோட்டத்தில்தான் இருப்போம். புல் செதுக்கும் வேலையை முன்கூட்டியே முடித்துவிடுவோம். பங்கில் பக்கத்து வீடுகள் சேர்ந்து செபிக்கும் குழுக்களான அன்பியங்கள் ஒவ்வொன்றாகக் கிராம சபைக்கு வாருங்கள். மேட்டுத் தெருவுக்கு மோட்டார் எப்போது வைப்பார்கள் என்று தேதி கேட்க வேண்டும்.